ஊர் கொண்டுவந்த சீர்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் செல்லும் சாலையை விட்டு விலகி, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் காட்டின் ஊடே இரண்டு மைல் போனால் வருகிற ஒரு சிற்றூரில், சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஓர் ஊர்வலத்தைக் கண்டேன். முன்னே மேளமும் நாயனமும் முழங்க, பின்னே ஐம்பது அறுபது பெண்கள் தலையில் தாம்பாளங்களைச் சுமந்து வர, அவர்களுக்கும் பின்னால் நான்கு இளைஞர்கள் ஓர் இரும்பு பீரோவைத் தோள் மாற்றித் தூக்கி வந்தார்கள். அயலூரிலிருந்து வந்த எவரும் அதைச் சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் கொண்டுபோகும் சீர் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் தாம்பாளங்களில் தேங்காய் பழத்தோடு இருந்தவை நோட்டுப் புத்தகங்கள், பென்சில் பெட்டிகள், ஒரு சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் தட்டுகள், குடங்கள். ஊர்வலம் போய் நின்ற இடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசல். அங்கே தலைமையாசிரியை ஆரத்தித் தட்டோடு நின்று வந்தவர்களை எதிர்கொண்டார்.

இதற்குக் ‘கல்விச் சீர்’ என்று பெயர். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சில ஆண்டுகளாக இந்த வழக்கம் வேரூன்றி வருகிறது. சீர் என்ற சொல்லைத் தமிழர் எளிதில் எங்கும் பிரயோகிப்பதில்லை. யாசிப்பவருக்குத் தருவது பிச்சை. புண்ணியத்துக்குத் தருவது தர்மம். உறவின் உரிமையால், தராமல் இருக்க முடியாது என்பதனால் தருவதே சீர். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தரும் பொருளை நன்கொடை என்று சொல்லாமல் சீர் என்று சொல்லத் துணிந்த கிராமத்து ஜனங்கள், அந்தக் கட்டடத்தைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பாவித்துவிட்டார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இந்தப் பாத்தியதை எப்படி உண்டாயிற்று என்று சிந்திக்கப் புகுந்தால், ஏறத்தாழ இரு நூற்றாண்டுச் சரித்திரம் கண்முன் விரிகிறது.

நம் நாட்டில் பள்ளிக்கூடம் புதிய வஸ்து அன்று. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் எல்லா ஜில்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு அனுப்பச் செய்து, அவரவர் எல்லைக்குள் இருக்கும் பள்ளிகளையும் மாணாக்கர்களையும் எண்ணி அனுப்பச் சொன்னார். 1826-இல் தொகுக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி மாகாணம் முழுவதிலும் இருந்த பள்ளிகள் 12,498. அவற்றில் படித்தவர்கள் 1,88,650 பேர். அந்நாளில் பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணையே பள்ளி; மணலே பலகை; விரலே எழுதுகோல்; அதில் தேர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும். உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் இத்தகைய திண்ணைப் பள்ளிக்கூட வாழ்க்கையை விரிவாகச் சித்திரித்திருக்கிறார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை ஒத்ததொரு ஏற்பாட்டை, எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் கையாண்டு பார்த்து, 1797-இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடே அது அத்தேசத்துப் பள்ளிகளில் பரவியது.

பெருமைக்குரிய இந்தச் செய்தியைச் சொல்லுகிறபோதே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் பகுதி. அந்த வீடு இருக்கும் தெருவுக்குள் எவருக்கு நடக்க உரிமை இல்லையோ, அவருடைய பிள்ளைக்கு அந்தத் திண்ணையும் இல்லை. பெண் குழந்தைகளோ மிகச் சிலரே படித்தார்கள். ஆகவே ஊரில் பள்ளி இருந்தது. ஆனால் ஊர் முழுவதற்கும் அது சொந்தமாக இருக்கவில்லை. ‘பள்ளி ஊருடையது’ என்ற எண்ணம் தோன்றுவதற்குத் திண்ணையிலிருந்து பள்ளி இறங்கி, எவர் வீட்டுக்கும் உட்படாத ஒரு பொது நிலத்தில் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அப்படி இறங்கி வந்த காலத்தில் அதைத் தாங்கி நின்றவை சாதாரண ஜனங்களின் கைகளே. அந்நாளில் விருதுப்பட்டி என்று வழங்கிய விருதுநகரில் 1889-இல் சத்திரிய வித்தியாசாலை ஏற்பட்டபோது, அதை நடத்துவதற்கு வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தார்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பது குடும்பப் பெண்ணின் கடமை. அதைத் திரட்டி விற்ற பணத்திலிருந்து உபாத்தியாயர்களின் சம்பளமும் பள்ளியின் செலவும் நடந்தன. அந்தப் பள்ளியில் படித்த சிறுவர்களுள் ஒருவர்தாம் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான காமராஜர். பிடி அரிசியால் நடந்த பள்ளியில் பயின்றவர், பின்னாளில் பள்ளிக்குச் சோறு கொண்டுவந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

1920-இல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் கிராமங்களில் ஆரம்பப் பாடசாலைகளைப் பெருக்கின. இன்றும் தெற்கத்திக் கிழவர்கள் ‘போர்டு பள்ளிக்கூடம்’ என்று சொல்லக் கேட்கலாம். கிறிஸ்தவ மிஷன்கள் தம் பங்குக்குச் சிற்றூர்கள் பலவற்றில் பள்ளி வைத்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று அரசாங்கத்தின் தொழிலாளர் இலாகா தனியே பள்ளிகள் நடத்த வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, பொதுப் பள்ளியின் கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்பது விளங்கும். 1953-இல், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதிப் பொழுதில் பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்ற திட்டம் வந்தபோது மாநிலமெங்கும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. மறு ஆண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறந்த குடியின் தொழிலைவிட்டு வெளியே வருவதற்குத் தங்களுக்கிருக்கும் ஒரே வாசல் பள்ளிக்கூடம்தான் என்று எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். இன்றைய வாசகர்களுக்கு அதிகம் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: முதலில் அது பெரிதும் ஊராரின் கையால் நடந்தது. அரிசியும் பருப்பும் விறகும் ஊர் தந்தது. பின்னர் அரசாங்கம் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை ஏற்றது. மீதி நாற்பது பங்கு ஊர்ப் பொறுப்பு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு இன்னது வேண்டும் என்று ஊரார் கூடிப் பட்டியல் எழுதி, ஒருவர் நிலம், ஒருவர் கூரை ஓடு, ஒருவர் மணி, ஒருவர் பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று பொறுப்பேற்று, அதை மாநாட்டு மேடையில் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். நான் கண்ட ஊர்வலத்தின் பாட்டனார் அந்த மாநாடுகளே.

நான் படித்ததும் இத்தகைய ஒரு பள்ளிதான். ஒரே கூடம்; நடுவில் தடுப்பு இல்லை; உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டே மணி. வெள்ளிக்கிழமைதோறும் ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். சிலேட்டுக்குக் கோவை இலை. மத்தியானம் அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ ஸ்தாபனத்தார் அனுப்பிய கோதுமை ரவையில் கிண்டிய உப்புமா. அதன் மணம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஆனால் அதைவிட அழுத்தமாக நினைவில் இருப்பது நாங்கள் உட்கார்ந்த வரிசை. மேலத் தெருப் பையனும், ஊருக்கு வெளியே இருந்த காலனிப் பையனும், வண்ணார் வீட்டுப் பெண்ணும் முழங்கால் ஒன்றையொன்று தொட உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து வாங்கி உண்டோம். அந்நாளில் எங்கள் ஊரில் கோயில் எல்லாருக்கும் பொதுவாக இல்லை; கிணறு பொதுவாக இல்லை; தேநீர்க் கடையில் குவளை பொதுவாக இல்லை; சுடுகாடுகூடப் பொதுவாக இல்லை. பகல் பன்னிரண்டரை மணிக்கு, அரை மணி நேரம், அந்தக் கூடம் மட்டும் பொதுவாக இருந்தது. அது எளிதில் வந்ததும் அன்று. இந்தக் காலத்திலும், சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்த பெற்றோர் உண்டு; அதைக் கேள்விப்படும்போது நெஞ்சு வேகிறது. ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் எல்லாத் தெருக்களும் சந்திக்கிற ஓர் இடம் உண்டு என்றால், அது தொடக்கப் பள்ளியின் சாப்பாட்டு வரிசையே என்பது என் திடமான நம்பிக்கை.

1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்த ஏற்பாட்டை விரிவுபடுத்தி, ஊரின் தயவை எதிர்பாராத அரசாங்கக் கடமையாகவே ஆக்கியது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆயா என்று ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு அது ஜீவனமாயிற்று; அவர்களுள் பலர் கணவனை இழந்தவர்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. கிராமங்களில் அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். அவர்களுடைய பிள்ளையே அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. பொங்கலில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நம்பகமான கை எங்கே கிடைக்கும்?

பள்ளியின் உள்வேலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும்; ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்பது பெருங் குறையாகவே தோன்றும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரையில் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவர் தலைமையாசிரியர். கணக்கு எழுதுவதும் கூட்டத்துக்குப் போவதும் இலவசப் புத்தகங்களைப் போய் வாங்கி வருவதும் அவர் தலையில். அப்படியிருந்தும் வகுப்பு நடக்கிறது. 2007-ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, பிள்ளை தன் படியிலிருந்து தானே ஏறிச் சென்றது. சுவரின் அடிப்புறத்தில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கரும்பலகை. 2022 முதல் நடக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பிள்ளைகள் வயதை மட்டும் கொண்டு அல்லாமல், அரும்பு, மொட்டு, மலர் என்று தேர்ச்சிக்கேற்பக் குழுவாக உட்காருகிறார்கள். நான் கண்ட அந்தப் பள்ளியில், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்துக் கொண்டிருந்தான். பெல் பாதிரியார் போற்றிய சட்டாம்பிள்ளை இன்னும் அந்தக் கூடத்தை விட்டுப் போகவில்லை.

இனி அந்த இரும்பு பீரோவுக்கு வருகிறேன். ஊரார் வேறு எதையெதையோ வாங்கித் தர எண்ணியிருந்தபோது, பீரோதான் வேண்டும் என்று கேட்டவர் தலைமையாசிரியை. பழைய மர அலமாரியில் கரையான் ஏறிவிட்டது; அதற்குள் இருப்பது சேர்க்கைப் பதிவேடு. பள்ளி தொடங்கிய நாள்முதல் அங்கே காலடி வைத்த ஒவ்வொரு குழந்தையின் பெயரும், தகப்பனார் பெயரும், பிறந்த தேதியும், சேர்ந்த நாளும், நீங்கிய நாளும், நீங்கிய காரணமும் மையால் எழுதப்பட்டிருக்கும் அந்தத் தடித்த புத்தகத்துக்கு ஈடான சரித்திர நூல் அந்த ஊரில் வேறு இல்லை. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் பரவாத காலத்தில், வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கொண்டு, உபாத்தியாயரே ஒரு தேதியைக் குறித்தார். ஆகையால்தான் நம் கிராமத்துப் பெரியவர்களில் பலருக்குப் பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டியே பிறந்த நாள் அமைந்திருக்கிறது. சாதிச் சான்று வாங்கவும், பாஸ்போர்ட் எடுக்கவும், ஓய்வூதியம் கோரவும் ஐம்பது வயதில் மனிதர்கள் திரும்பி வந்து ‘ரெக்கார்டு ஷீட்’ கேட்டு நிற்பது இந்தப் பதிவேட்டின் முன்னால்தான்.

தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, போலியோ முகாம் வந்தால் சொட்டு மருந்துக் கூடம், புயல் வெள்ளம் வந்தால் தங்குமிடம், ஆகஸ்டு பதினைந்தில் ஊருக்கே கொடிக்கம்பம் என்று அந்தக் கட்டடம் ஏற்கும் வேஷங்கள் பல. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பூட்டிய தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் மணி அடிக்காத ஊர் எப்படியிருக்கும் என்பதை அப்போது கண்டோம்: ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள், எழுத்தை மறந்த பிள்ளைகள். அப்போது தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில், பெரும்பாலும் அந்தந்த ஊரில் படித்த பெண்களே மாலையில் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலும் மரத்தடியிலும் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய திண்ணைக்கே பள்ளி திரும்பிற்று. ஆனால் இம்முறை அந்தத் திண்ணையில் எவர் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்தது.

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் ஐவரில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது; 2011-இல் அது ஐவரில் நால்வர் என்று ஆயிற்று. இந்த மாறுதலின் முதற்படியைக் கட்டியவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு பள்ளிகளே. ஆயினும் இன்று அவற்றில் பலவற்றின் நிலை கவலைக்கிடமானது. காலை எட்டு மணிக்கு மஞ்சள் நிற வேன் ஒன்று ஊருக்குள் வந்து, டையும் ஷூவும் அணிந்த குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பத்து மைலுக்கு அப்பால் போகிறது. ஆங்கிலத்தின்மேல் பெற்றோருக்கு உள்ள ஆசையைப் பழிப்பது நியாயம் அன்று. அந்த ஆசைக்குக் காரணம் உலகம், பெற்றோர் அல்லர். அரசாங்கப் பள்ளிகளிலும் 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்திருக்கின்றன. குழந்தைப் பேறு குறைந்துவிட்டது. பிழைப்புக்காகக் குடும்பங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டன. இவையெல்லாம் சேர்ந்ததில், ஒரு காலத்தில் நூறு பிள்ளைகள் இருந்த பள்ளியில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பதினைந்து பேர் யாவர் என்று பார்த்தால், வேனுக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் மக்கள். எல்லாத் தெருக்களும் சந்தித்த வரிசை இப்போது ஒரு தெருவின் வரிசையாகச் சுருங்குகிறது. பள்ளி மூடப்படுவதற்கு முன்பே ஊர் பிரிந்துவிடுகிறது என்பதுதான் இதில் உள்ள பெருந் துயரம்.

இதற்குப் பரிகாரம் சட்டத்தில் பாதி இருக்கிறது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் மேலாண்மைக் குழு வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. கையெழுத்துக்காக மட்டும் கூடாமல் அந்தக் குழு உண்மையாகவே கூடுகிற ஊரில், கழிப்பறையில் தண்ணீர் வருகிறது; வராத பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்து வருகிறார்கள்; ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கேட்க ஆள் இருக்கிறது. கட்டடமும் ஆசிரியரும் அரசாங்கத்தின் கடன். ஊர் சீர் கொண்டு வருகிறது என்பதற்காக அந்தக் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. ஊரின் கடன் வேறு. பீரோவும் கடிகாரமும் தருவது எளிது. தன் பிள்ளையை, அடுத்த தெருப் பிள்ளையின் பக்கத்தில், அதே கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைப்பதே கடினமான சீர். பெரிய சீரும் அதுவே. அன்றைய ஊர்வலத்தில் வந்தவர்களுள் இரண்டு குடும்பங்கள், வேனில் போய்க்கொண்டிருந்த தம் குழந்தைகளை வருகிற ஜூனில் இங்கே சேர்ப்பதாகச் சொல்லக் கேட்டேன். கொண்டுவந்த தாம்பாளங்கள் எல்லாவற்றையும்விட அந்தச் சொல் கனமானது.

சீர் வரிசையெல்லாம் இறக்கி வைத்தபின், பதிவேடுகளைத் தூசி தட்டிப் புதிய பீரோவில் அடுக்கத் தொடங்கினார்கள். தாம்பாளம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்த ஒரு முதிய அம்மாள், கூட்டம் கலைந்த பிறகும் போகாமல் நின்றார்.

“டீச்சர், நானும் இங்கேதான் மூணாப்பு வரைக்கும் படிச்சேன். எம் பேரு அந்த நோட்டுல இருக்குமா?”

“இருக்கும்மா. எந்த வருஷம் சேந்தீங்க?”

“அது என்ன கண்டேன்? பெரிய மழை பேஞ்சு கம்மா ஒடைஞ்சதுக்கு மறு வருஷம்.”

தலைமையாசிரியை தகப்பனார் பெயரைக் கேட்டு, பழுப்பேறிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அந்த அம்மாளின் பேத்தி இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, பாட்டியின் பெயரை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். பிறகு அந்த வரியின் கடைசிக் கட்டத்தையும் வாசித்தாள்: “நீங்கிய காரணம்: நீண்ட நாள் வராமை.”

“வராம இருக்கணும்னா நெனச்சேன்,” என்றார் அந்த அம்மாள். “தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன்னே வந்துரும்.”

வேறொன்றும் சொல்லவில்லை. பதிவேடு பீரோவுக்குள் போயிற்று. சாவி தலைமையாசிரியையின் முந்தானை முடிச்சில் சேர்ந்தது. குடத்தை அந்த அம்மாள் சத்துணவுக் கூடத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அதிலிருந்து பிள்ளைகள் தண்ணீர் மொண்டு குடித்தார்கள்.